ஆறு நாற்காலிகளும் ஐம்பதாயிரம் அடுப்புகளும்

“டைரக்டர் போர்டு கூடுகிறது” என்று பத்திரிகையில் செய்தி வந்தால் நம் தோழர்களில் பெரும்பாலோர் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். கூடட்டும், காப்பி குடிக்கட்டும், கலையட்டும், நமக்கென்ன என்ற நினைப்பு. போனஸ் பேச்சென்றால் காது நிமிர்கிறது. போர்டு பேச்சென்றால் கொட்டாவி வருகிறது. நாம் தோழர்களைக் குறை கூறவில்லை. அந்த அறையின் கதவு நமக்குத் திறந்ததே இல்லை. திறக்காத கதவைப் பற்றி யார்தான் அக்கறை கொள்வார்கள்?

ஆனால் அக்கறை கொள்ளத்தான் வேண்டும் என்கிறோம். நல்ல காலத்தில் போர்டு அறையில் இருப்பவர்கள் தூங்கினால் பங்குதாரருக்கு நாலு காசு குறையும். கெட்ட காலத்தில் அவர்கள் தூங்கினால் தொழிலாளி வீட்டு அடுப்பு அணையும். இதை வாய்ப்பந்தலாகச் சொல்லவில்லை. அன்று நம் அண்டை மாநிலத் தலைநகராக இருந்த ஐதராபாத்தில், 2008ஆம் ஆண்டு இறுதியிலும் 2009ஆம் ஆண்டுத் தொடக்கத்திலும் நாடே பார்க்க நடந்த ஒன்றை வைத்துத்தான் சொல்கிறோம். ஒரே கம்பெனி. அதே கட்டிடம், அதே மேசை. அந்த மேசையைச் சுற்றி முதலில் ஒரு போர்டு உட்கார்ந்தது. சில நாட்களுக்குள் வேறொரு போர்டு உட்கார்ந்தது. முதல் போர்டு கம்பெனியைப் பள்ளத்தின் விளிம்பில் கொண்டுபோய் நிறுத்தியது. இரண்டாவது போர்டு நூறு நாட்களுக்குள் அதை இழுத்து மேட்டுக்குக் கொண்டு வந்தது.

காலம் எப்படிப்பட்டது என்பதை முதலில் நினைவூட்டிவிடுகிறோம். 2008 செப்டம்பர் 15ஆம் நாள் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் என்ற 158 ஆண்டுப் பழைமை கொண்ட நிதி நிறுவனம் திவாலாகி விழுந்தது. அதன் கீழ் வேலை செய்த சுமார் 25,000 பேர் அட்டைப் பெட்டிகளில் சாமான்களைக் கட்டிக்கொண்டு தெருவுக்கு வந்த படங்களை உலகமே பார்த்தது. அந்த நிறுவனத்தின் டைரக்டர் போர்டில் யார் யார் இருந்தார்கள் தெரியுமா? நாடகங்கள் தயாரிக்கும் ஒருவர்! ஓய்வுபெற்ற கடற்படைத் தளபதி ஒருவர்! சில ஆண்டுகள் முன்புவரை ஒரு நடிகையும் இருந்தார். நாடகத்தையோ கடற்படையையோ நாம் இகழவில்லை. கப்பல் ஓட்டத் தெரிந்தவரைக் கடன் பத்திரத்துக்குக் காவல் வைத்தது யார் குற்றம் என்றுதான் கேட்கிறோம். போர்டின் தலைவரும் கம்பெனியின் தலைமை நிர்வாகியும் அங்கே ஒரே ஆள்தான். கேள்வி கேட்க வேண்டிய நாற்காலியிலும், பதில் சொல்ல வேண்டிய நாற்காலியிலும் ஒருவரே உட்கார்ந்திருந்தால் கேள்வி எங்கிருந்து வரும்?

அந்தச் சரிவின் அலை இந்தியாவுக்கும் வந்தது. அமெரிக்கக் கம்பெனிகளின் வேலையை நம்பியிருந்த கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கு அது நேராகவே வந்தது. அவற்றில் நாட்டின் முன்வரிசையில் இருந்த ஒன்றுதான் சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸ். 1987இல் ஐதராபாத்தில் தொடங்கப்பட்டது. கணக்குப்படி சுமார் 53,000 பேருக்கு வேலை. நியூயார்க் பங்குச் சந்தை வரை பெயர் போயிருந்தது. 2008 செப்டம்பரில், லேமன் விழுந்த அதே மாதத்தில், நல்ல நிர்வாகத்துக்கென்று ‘தங்க மயில்’ விருது வேறு! பின்னால் அந்த மயிலைத் திரும்பப் பிடுங்கிக் கொண்டார்கள் என்பது வேறு கதை.

முதல் போர்டைப் பார்ப்போம். லேமனைப் போல அங்கே நாடகக்காரர்கள் இல்லை. படித்த மேதைகள் இருந்தார்கள். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர், இந்திய சர்க்காரின் காபினெட் செயலாளராக இருந்து ஓய்வுபெற்றவர் ஒருவர், டில்லி ஐ.ஐ.டி.யின் முன்னாள் டைரக்டர் ஒருவர். புகழ்பெற்ற வணிகக் கல்லூரி ஒன்றின் தலைவர். பென்டியம் கம்ப்யூட்டர் சில்லின் தந்தை என்று போற்றப்பட்டவர். இதைவிடப் பெரிய சபை வேண்டுமென்றால் தேவலோகத்துக்குத்தான் ஆள் அனுப்ப வேண்டும்!

2008 டிசம்பர் 16ஆம் நாள் இந்தச் சபை கூடியது. சேர்மன் ராமலிங்க ராஜு ஒரு யோசனை வைத்தார். ‘மேத்தாஸ்’ என்ற பெயரில் இரண்டு கம்பெனிகள் இருக்கின்றன, ஒன்று நிலம், வீடு, மற்றொன்று கட்டுமானம். அவற்றைச் சத்யம் வாங்கிக் கொள்ளலாம், விலை 160 கோடி டாலர் என்றார். அன்றைய மதிப்பில் 7,500 கோடி ரூபாய்க்கும் மேல். ‘மேத்தாஸ்’ என்பதை ஆங்கில எழுத்தில் எழுதிப் பின்னாலிருந்து படித்தால் ‘சத்யம்’ என்று வரும். இரண்டும் ராஜுவின் குடும்பத்துக் கம்பெனிகள். சத்யத்தில் அந்தக் குடும்பத்தின் பங்கு நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு. அதாவது ஊரார் பணத்தில் தன் பிள்ளைகளின் கம்பெனியைத் தானே வாங்கத் தந்தை முன்வந்தார்.

இதற்கு அந்த மேதைகள் சபை என்ன செய்தது? அன்று சில கேள்விகள் எழத்தான் எழுந்தன. கம்ப்யூட்டர் கம்பெனிக்கு நிலபுலம் எதற்கு, விலை சரிதானா என்றெல்லாம் பேச்சு வந்தது. ஆனால் முடிவில் எதிர்த்து ஒரு கை உயரவில்லை. ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது! உலகமே பணமின்றித் தவித்த காலம். வங்கிகள் கடன் கொடுக்க மறுத்த காலம். கையிலிருக்கும் ரொக்கம்தான் உயிர் என்ற காலம். அந்தக் காலத்தில் கம்பெனியின் கைப்பணம் முழுவதையும் சேர்மன் வீட்டுக்கு எழுதி வைக்கச் சம்மதித்தார்கள். முதலீட்டாளர்கள் போட்ட கூச்சலில் சில மணி நேரத்துக்குள் அந்தத் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். டைரக்டர்கள் கேட்க வேண்டியதை எங்கோ இருந்த பங்குத் தரகர்கள் கேட்டார்கள்! அந்த மாத இறுதிக்குள் வெளியிலிருந்து வந்த டைரக்டர்களில் நால்வர் இராஜிநாமாக் கடிதம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். தீ பிடித்த வீட்டில் காவற்காரன் முதலில் வெளியேறினான்.

உண்மையான இடி 2009 ஜனவரி 7ஆம் நாள் விழுந்தது. ராஜு தம் போர்டுக்கே ஒரு கடிதம் எழுதினார். கணக்கில் காட்டியிருந்த ரொக்கமும் வங்கி இருப்பும் 5,361 கோடி ரூபாய். அதில் 5,040 கோடி இல்லவே இல்லை என்றார்! செப்டம்பர் வரையிலான மூன்று மாதத்துக்கு நடைமுறை இலாபம் 649 கோடி என்று ஊருக்கு அறிவித்திருந்தார்கள். உண்மையில் 61 கோடிதான் என்றார். ஆண்டுக்கணக்காகப் பொய்யை வளர்த்துக்கொண்டே வந்ததாகவும், புலிமேல் ஏறியவன் இறங்க வழி தெரியாமல் தவிப்பதுபோல் தவித்ததாகவும் எழுதினார். மேத்தாஸ் பேரம் ஏன் வந்தது என்பதும் அந்தக் கடிதத்தில்தான் வெளிப்பட்டது. இல்லாத பணத்தைக் கொடுத்து நிலத்தை வாங்கியதாகக் கணக்கு எழுதிவிட்டால் ஓட்டை அடைபட்டுவிடும் அல்லவா? டிசம்பர் 16ஆம் நாள் அந்த அறையில் யாராவது ஒருவர், “வங்கி இருப்பு எங்கே? வங்கியிலிருந்து நேராக வந்த கடிதம் எங்கே?” என்று பிடிவாதமாகக் கேட்டிருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும். இதற்கு ஹார்வர்டு படிப்பு வேண்டியதில்லை. நம் ஊர்க் கூட்டுறவுப் பண்டகசாலையின் ஆண்டுக் கூட்டத்தில் வெற்றிலைப் பாக்குக் கடைக்காரர் கேட்கிற கேள்வி அது!

ஒரே நாளில் பங்கு விலை முக்கால் பாகத்துக்கு மேல் சரிந்தது. ஆனால் நம் கவலை பங்கு விலை அல்ல. ஐம்பதாயிரம் வீடுகள். அம்மாதச் சம்பளம் வருமா என்று அவர்களுக்குத் தெரியாது. வேலை போனால், உலகம் முழுவதும் ஆட்குறைப்பு நடக்கும் அந்த நேரத்தில், வேறு வேலை எங்கே? வீட்டுக் கடன், பெற்றோர் மருந்து, தங்கை கல்யாணம். கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்டவர்களும் தொழிலாளிகளே என்பதை அந்த ஒரு வாரம் அவர்களுக்கும் உணர்த்தியது, நமக்கும் உணர்த்தியது.

இன்னொன்றையும் இடையில் சொல்லிவிடுகிறோம். நம் தெருவில் அலறிக்கொண்டு ஓடும் 108 ஆம்புலன்ஸ் இருக்கிறதே, அந்தச் சேவையை நடத்தும் அமைப்பை ஐதராபாத்தில் 2005இல் தொடங்கியவரும் இதே ராஜுதான். 2008 செப்டம்பரில் அது தமிழ்நாட்டுக்கும் வந்தது. அவர் சிறைக்குப் போன பிறகு வேறொருவர் பொறுப்பேற்றதால் வண்டி நிற்கவில்லை. நன்மை செய்தவர் ஆயிற்றே என்று கணக்குக் கேட்காமல் இருந்துவிடக் கூடாது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

இனி இரண்டாவது போர்டு. இங்கேதான் தோழர்கள் நிதானமாகக் கவனிக்க வேண்டும்.

சந்தையே எல்லாவற்றையும் சரிசெய்துகொள்ளும் என்று உபதேசிக்கிறவர்கள் அந்த மூன்று நாட்கள் வாய் திறக்கவில்லை. செயல்பட்டது யார்? சர்க்கார்! 1956ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு மத்திய அரசு கம்பெனி லா போர்டிடம் போனது. ஜனவரி 9ஆம் நாள் பழைய போர்டு கலைக்கப்பட்டது. 11ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல், மூன்று பேர் நியமிக்கப்பட்டார்கள்: கம்ப்யூட்டர் தொழில் சங்கத்தின் தலைவராக இருந்த கிரண் கார்னிக், வீட்டுக்கடன் நிறுவனமான எச்.டி.எப்.சி.யின் தீபக் பரேக், பங்குச் சந்தை மேல்முறையீட்டு மன்றத்தின் தலைவராக இருந்த அச்சுதன். 12ஆம் நாள் ஐதராபாத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். 15ஆம் நாள் மேலும் மூவர்: தொழிலதிபர் சங்கத்தின் தருண் தாஸ், சார்ட்டர்டு அக்கவுண்டன்டுகளின் அகில இந்திய அமைப்புக்குத் தலைவராக இருந்த டி.என்.மனோகரன், எல்.ஐ.சி.யிலிருந்து மைனாக். ஆக ஆறு நாற்காலிகள்.

இவர்கள் முதலாளி வர்க்கத்துக்கு வேண்டியவர்கள்தாமே என்று கேட்பீர்கள். ஆம், மறுக்கவில்லை. இவர்களில் ஒருவரும் நம் கொடி பிடித்தவர் அல்லர். ஆனாலும் செய்ததைச் செய்தது என்று ஒப்புக்கொள்வதில் நமக்குக் கூச்சமில்லை.

அவர்கள் முதலில் கையில் எடுத்தது எது? கம்பெனியை என்ன விலைக்கு விற்கலாம் என்பதல்ல. மாதக் கடைசிச் சம்பளம்! கணக்குப் புத்தகம் முழுவதும் பொய். எந்த எண்ணை நம்புவது என்றே தெரியாது. ஆனால் ஒன்று மட்டும் மெய்: வேலை நடந்துகொண்டிருக்கிறது, வேலை வாங்கியவர்கள் பணம் தர வேண்டியிருக்கிறது. அந்தப் பாக்கியைத் துரத்தி வசூலித்தார்கள். ஜனவரிச் சம்பளம் போய்ச் சேர்ந்தது. பிறகு இரண்டு அரசு வங்கிகளிடம் 600 கோடி ரூபாய் கடன் ஏற்பாடு செய்தார்கள். தனியார் பெருமை பேசியவர்கள் கடைசியில் வந்து நின்ற வாசல் எது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். சர்க்கார் கஜானாவிலிருந்து இனாமாக எதுவும் வாங்கவில்லை என்பது அவர்களுக்குப் பெருமைதான். அது கடன், திருப்பித் தர வேண்டிய கடன்.

அடுத்தது வாடிக்கையாளர்கள். வெளிநாட்டுக் கம்பெனிகள் போய்விட்டால் சம்பளத்துக்கு வழியில்லை. எனவே அவர்களோடு நேரில் பேசி, வேலை தடைபடாது என்று உறுதி சொன்னார்கள். மேலிருந்து புதிய ராஜா ஒருவரைக் கொண்டுவந்து இறக்காமல், பதினைந்து ஆண்டுகளாக அங்கேயே வேலை செய்த ஏ.எஸ்.மூர்த்தி என்பவரைப் பிப்ரவரி 5ஆம் நாள் தலைமை நிர்வாகியாக அமர்த்தினார்கள். நம் கருத்தில் அந்த நூறு நாட்களில் மிகப் புத்திசாலித்தனமான காரியம் இதுதான். பயந்து கிடக்கும் கூட்டத்துக்குத் தெரிந்த முகம் ஒன்று வேண்டும். வேலை நிறுத்தத்தின் நடுவில் வெளியூர்த் தலைவரை அனுப்பினால் என்ன ஆகும் என்று நம் தோழர்களுக்கா தெரியாது?

பழைய தணிக்கையாளரை விலக்கிப் புதியவர்களை வைத்தார்கள். கணக்கு முழுவதும் சரிபார்த்து முடிய ஆண்டுகள் ஆகும் என்பது தெரிந்ததும், தெரியாததைத் தெரியாது என்று பகிரங்கமாகவே சொன்னார்கள். சரிபார்த்த கணக்கு வெளிவர உள்ளபடியே 2010 செப்டம்பர் ஆயிற்று! இப்படிக் கணக்கே இல்லாத கம்பெனியை யார் வாங்குவார்கள்? விலை நிர்ணயத்தில் சூது நடந்தது என்று நாளை யாரும் சொல்லிவிடக் கூடாதென்று, உச்சநீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி பரூச்சாவின் மேற்பார்வையில் ஏலம் விட்டார்கள். ஏப்ரல் 13ஆம் நாள் ஏலம் திறக்கப்பட்டது. டெக் மகிந்திரா பங்குக்கு 58 ரூபாய். எல் அண்டு டி 45 ரூபாய் 90 காசு. அதிகம் கேட்டவருக்குப் போனது. ஆறு பேரின் முக்கிய வேலை முடிந்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு தொங்கவில்லை.

நாம் இத்துடன் நிறுத்தினால் முதலாளிப் பத்திரிகைக்கும் நமக்கும் வேறுபாடு இல்லை. மறுபக்கமும் உண்டு. புதிய முதலாளி வந்த இரண்டே மாதத்தில், 2009 ஜூனில், ஆயிரக்கணக்கானோரை ‘உபரி’ என்று ஒதுக்கி, வீட்டில் இருங்கள், அடிப்படைச் சம்பளமும் பி.எப்.பும் மருத்துவக் காப்பீடும் மட்டும் தருகிறோம் என்றார்கள். எங்கோ எவரோ செய்த திருட்டுக்கு இவர்கள் ஏன் பாதிச் சம்பளம் வாங்க வேண்டும்? 2015 ஏப்ரலில் ஐதராபாத் சிறப்பு நீதிமன்றம் ராஜுவுக்கும் மற்ற ஒன்பது பேருக்கும் ஏழாண்டுச் சிறை விதித்தது. மேல்முறையீட்டில் அடுத்த மாதமே தண்டனை நிறுத்திவைக்கப்பட்டு அவர்கள் ஜாமீனில் வந்தார்கள். உபரி என்று ஒதுக்கப்பட்டவனுக்கு எந்த ஜாமீனும் கிடைக்கவில்லை.

ஆறு நாற்காலி என்றோமே, அதில் தொழிலாளிக்கு ஒன்று உண்டா? இல்லை. ஐம்பதாயிரம் பேரின் வாழ்வைத் தீர்மானித்த மேசையில் அந்த ஐம்பதாயிரத்தில் ஒருவரும் இல்லை. இந்தத் தடவை நல்லவர்கள் வாய்த்தார்கள். வாய்க்காமல் போயிருந்தால்?

ஜெர்மனியில் இதை அதிர்ஷ்டத்துக்கு விடவில்லை. 1951ஆம் ஆண்டிலேயே அங்கே நிலக்கரி, எஃகுக் கம்பெனிகளின் மேற்பார்வை போர்டில் தொழிலாளருக்குச் சரிபாதி இடம் தரும் சட்டம் வந்தது. 1976இல் 2,000 பேருக்கு மேல் வேலை செய்யும் பெரிய கம்பெனிகளுக்கெல்லாம் பாதி நாற்காலி என்று விரிந்தது. ஓட்டு சமமாகப் பிரிந்தால் தலைவரின் கூடுதல் ஓட்டு முதலாளி பக்கம் என்ற குறை உண்டு. இதே 2009இல் ஜெர்மனியின் உற்பத்தி நூற்றுக்கு ஐந்துக்கு மேல் சுருங்கியது. ஆனால் வேலையில்லாதோர் தொகை சிறிதே கூடியது! எப்படி? ஆளைக் குறைக்காமல் வேலை நேரத்தைக் குறைத்தார்கள். இழந்த கூலியில் நூற்றுக்கு அறுபது, பிள்ளை உள்ளவனுக்கு அறுபத்தேழு, சர்க்கார் ஏற்பாட்டில் கிடைத்தது. போர்டு நாற்காலியால் மட்டுமே இது நடந்தது என்று நாம் மிகைப்படுத்த மாட்டோம். சர்க்கார் பணம் இருந்தது, வலுவான சங்கம் இருந்தது. ஆனால் ஆட்குறைப்புத் தீர்மானம் வரும்போது மேசையின் மறுபுறம் தொழிலாளியின் முகம் தெரிந்தால், பேனாவை எடுக்கும் கை ஒரு கணம் நிற்கும் என்பது உறுதி.

நம் நாட்டில்? தொழில் நிர்வாகத்தில் தொழிலாளருக்குப் பங்கு என்று 1976இல் அரசியல் சட்டத்தில் 43-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. 1990இல் மாநிலங்களவையில் மசோதா ஒன்றும் வந்தது, சட்டமாகவில்லை. தேசியமயமான வங்கிகளின் போர்டில் ஊழியருக்கு ஒரு நாற்காலி என்று 1970ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. அந்த நாற்காலிகள் பல ஆண்டுகள் ஆளின்றிக் கிடந்தன. சத்யம் ஊழலுக்குப் பின் வந்த 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம், பங்குச் சந்தையில் பதிவான கம்பெனிகளில் மூன்றில் ஒரு பங்கு சுயேச்சை டைரக்டர்கள் வேண்டும் என்றது. சத்யத்திலும் சுயேச்சை டைரக்டர்கள் இருந்தார்களே ஐயா! பெரிய கம்பெனிகளில் சேர்மன் பதவியும் நிர்வாக டைரக்டர் பதவியும் ஒருவரிடமே இருக்கக் கூடாது என்று செபி ஒரு விதி போட்டது. 2022 பிப்ரவரியில் அதையும் ‘விரும்பினால் செய்யலாம்’ என்று தளர்த்திவிட்டது.

எனினும் அந்த 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் நமக்குப் பயன்படும் ஒரு சங்கதி உண்டு. பதிவான ஒவ்வொரு கம்பெனியும் ஆண்டறிக்கை வெளியிட வேண்டும். எந்த டைரக்டர் எத்தனை கூட்டத்துக்கு வந்தார் என்பது அதில் இருக்கும். முதலாளி குடும்பத்தின் வேறு கம்பெனிகளோடு என்னென்ன பேரம் நடந்தது என்பது இருக்கும். ஒவ்வொரு டைரக்டரும் வாங்கும் பணம், நடுத்தரத் தொழிலாளி ஒருவரின் ஊதியத்தைப் போல் எத்தனை மடங்கு என்ற கணக்கும் இருக்கும். இதை மறைக்க முடியாது, சட்டம் விடாது. சங்கத்தில் ஆங்கிலம் படித்த தோழர் ஒருவர் எப்படியும் இருப்பார். அடுத்த செயற்குழுவுக்கு உங்கள் கம்பெனியின் ஆண்டறிக்கையை அவர் எடுத்து வரட்டும். இந்த மூன்று பக்கங்களையும் சத்தமாக வாசிக்கட்டும். கூலிப் பேச்சுக்குப் போகும் நாளில் அந்த அறிக்கையும் கையில் இருக்கட்டும்.